மைசூரிலிருந்து ஐம்பத்தாறு நிமிடம்

குயிலாப்பாளையத்தில் நான் வேலை பார்க்கும் விடுதியின் முன்மேசைக்கு ஒரு நாளில் நான்கைந்து முறையாவது அந்தக் கேள்வி வந்துவிடும். இங்கிருந்து ஏர்போர்ட் எவ்வளவு தூரம், போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகும்? ஆரோவில் பார்க்க வந்து தங்குகிறவர்கள் கேட்பார்கள். நான் உடனே பதில் சொல்வதில்லை. டிக்கெட்டைக் காட்டச் சொல்வேன். விமானத்துக்கு எண் இருக்கிறதா, எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கு, கிளம்பும் நேரம் போட்டிருக்கிறதா என்று ஒவ்வொன்றாக விரல் வைத்துப் பார்ப்பேன். டிக்கெட் இன்னும் எடுக்கவில்லை என்றால், எடுத்துவிட்டு வாருங்கள், சொல்கிறேன் என்பேன்.

என்னோடு வேலை செய்யும் பெண்ணுக்கு இது பெரிய சிரிப்பு.

"இன்னாக்கா நீ, செக்போஸ்ட்டு போலீஸு மாதிரி பேப்பர் எடு, பேப்பர் எடுன்ற? சென்னைக்கு மூணு மணி நேரம்னு சொல்லி அனுப்பிட வேண்டியதுதான? செல்லுல போட்டா வந்துடப்போது."

செல்லில் போட்டால் வந்துவிடும். அது எனக்குத் தெரியும். மைசூர் என்றும் புதுச்சேரி என்றும் போட்டால் என்ன வரும் என்பது எனக்கு மனப்பாடம்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். கல்லூரிக்குப் போன முதல் ஆளும் நான்தான், அதுவும் கணிதம். இதைத் தணிந்த குரலில் சொல்ல எனக்கு வராது. அத்தா மரக்காணம் உப்பளத்தில் மூட்டை தைக்கிறவர். எடை போட்ட மூட்டையின் வாயை மடித்துப் பிடித்து, கோணி ஊசியால் பத்துப் பன்னிரண்டு தையலில் இறுக்கித் தள்ளுவார். மூட்டையின்மேல் அச்சடித்திருப்பது என்ன எழுத்து என்று அவருக்குத் தெரியாது. அம்மாவுக்குக் கையெழுத்து மட்டும் வரும், அதையும் நான்தான் சொல்லிக்கொடுத்தேன். அண்ணன் எட்டாம் வகுப்போடு நின்று மைசூருக்குப் போனான். அங்கே ஒரு மரச்சாமான் பட்டறையில் பாலிஷ் போடும் வேலை.

அதனால் வீட்டுக்கு வருகிற காகிதம் எல்லாம் என் கைக்குத்தான் வரும். எங்கள் வீட்டுக் காகிதம் மட்டும் இல்லை. எங்கள் தெருவில் பாதி வீடுகளில் யாராவது ஒருவர் வளைகுடாவில் இருந்தார்கள். டிக்கெட் வந்ததும் எடுத்துக்கொண்டு என்னிடம் வருவார்கள். எத்தனை மணிக்குக் கிளம்பும், எங்கே இறங்கி மாற வேண்டும், எத்தனை கிலோ கொண்டுபோகலாம் என்று படித்துச் சொல்வேன். நான் விமானத்தில் ஏறியதில்லை. ஏறப்போகிறவர்களுக்கு பெல்ட் போடுவது எப்படி என்றுகூடச் சொல்லியிருக்கிறேன். அத்தாவின் அண்ணன், எங்கள் பெரியத்தா, என்னைக் கலெக்டரம்மா என்றுதான் கூப்பிடுவார். அதில் கொஞ்சம் கேலியும் இருக்கும், கொஞ்சம் பெருமையும் இருக்கும். நான் பெருமையை மட்டும் எடுத்துக்கொள்வேன்.

அத்தா இறந்தது நான் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தபோது. தை மாதம். மழை விட்டு, உப்பளத்தில் பாத்திகளை மிதித்துச் சமன் செய்யத் தொடங்கியிருந்தார்கள். முந்தின நாள் சாயங்காலம் நெஞ்சு அடைக்கிறது என்றார். அம்மாவும் பெரியத்தாவும் அரசு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார்கள். என்னை வீட்டில் இருக்கச் சொன்னார்கள். காலையில் பஜ்ர் தொழுகை முடிந்த நேரம் பெரியத்தா போன் செய்தார். "பாடி வந்துட்டிருக்குதும்மா" என்றார். அப்படித்தான் எனக்குத் தெரிந்தது.

அண்ணனுக்கு நான்தான் போன் செய்தேன். மணி ஆறு. "அண்ணா" என்றதுமே அவன் புரிந்துகொண்டான்.

"போயிட்டாரா?"

 அவனுக்குப் பின்னால் யாரோ வாய் கொப்பளித்துத் துப்பும் சத்தம் கேட்டது.

"மொதலாளி காரு நிக்குது, டிரைவரோட" என்றான். "கேட்டா குடுப்பாரு. இப்பவே கெளம்புனா மூணு மணிக்கு வந்துடுவேன். அசர் தொழுகைக்கு அடக்கத்த வச்சிக்கச் சொல்லு. மொகத்த பாத்துடணும் பாப்பா. அது போதும்."

அது சரியான ஏற்பாடு. அதை அப்படியே விட்டிருக்க வேண்டும்.

எங்கள் கபரஸ்தான், அடக்கம் செய்கிற இடம், உப்பங்கழியை ஒட்டி இருக்கிறது. மழைக்காலத்திலிருந்து மாசி வரைக்கும் அங்கே மூன்றடி தோண்டினாலே மண் கசியும். குழி வெட்டி இரண்டு மணி நேரத்துக்கு மேல் விட்டால் அடியிலிருந்து உப்புத் தண்ணீர் ஊறிவிடும். அதனால் எங்கள் ஜமாஅத்தில் ஒரு மவுத்து விழுந்தால், எப்படி இறந்தார் என்று கேட்பதற்கு முன்பே, இன்னும் யார் வர வேண்டும், எத்தனை மணிக்கு வருவார் என்றுதான் கேட்பார்கள். கடைசி ஆள் வருகிற நேரத்தை வீட்டுக்காரர்கள் வாயால் சொன்ன பிறகுதான் குழி வெட்டுகிறவர் மண்வெட்டியில் கை வைப்பார். அந்த நேரத்திலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு வெட்டுவார். வெட்டிய குழியை வெறுமனே மூடுகிற வழக்கமும் கிடையாது. காலிக் குழி இன்னொரு ஆளைக் கேட்கும் என்று அதற்கு எல்லோரும் பயப்படுவார்கள்.

ஆம்புலன்ஸ் வந்து, அத்தாவை இறக்கி, கூடத்தில் கிடத்தி, போர்வையால் மூடினார்கள். நான் பக்கத்தில் போய் நின்றேன். போர்வையை விலக்கத் துணிவு வரவில்லை. குளிப்பாட்டிக் கபன் துணி போட்ட பிறகு எப்படியும் எல்லோருக்கும் முகம் காட்டுவார்கள், அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அதற்குள் பெரியத்தா வாசலிலிருந்து கூப்பிட்டார். அவரோடு குழி வெட்டுகிறவரும் நின்றிருந்தார்.

"கலெக்டரம்மா, உங்க அண்ணன் எத்தினி மணிக்கு வர்றான்? கரெக்ட்டா சொல்லு. இவரு வேலைய ஆரம்பிக்கணும்."

மூன்று மணி என்று சொல்லியிருந்தால் முடிந்தது. "இருங்க பெரியத்தா, பாத்து சொல்றேன்" என்றேன். ஒன்பது மணி நேரம் அவன் காரில் தனியாக அழுதுகொண்டு வர வேண்டுமே என்று நினைத்ததும் உண்மை. வாசலில் அத்தனை ஆண்கள் என் பதிலுக்காக நின்றதும் உண்மை. இதில் எது பெரியது என்று இன்றுவரை என்னால் சொல்ல முடியவில்லை.

மைசூரில் விமான நிலையம் இருப்பது எனக்குத் தெரியும். புதுச்சேரியில் இருப்பதும் தெரியும், பேருந்தில் போகும்போது பெயர்ப் பலகை பார்த்திருக்கிறேன். இரண்டு பெயரையும் செல்லில் போட்டேன். ஒரு பக்கம் திறந்தது. மேலே இரண்டு ஊர்ப் பெயர்கள். நடுவில் வரைபடம். மைசூரிலிருந்து புதுச்சேரிக்கு வில்லாக வளைந்த ஒரு கோடு, அதன்மேல் சின்னதாக ஒரு விமானம். கீழே எழுதியிருந்தது: தூரம் 345 கிலோமீட்டர். பறக்கும் நேரம் 56 நிமிடம்.

நான் கணிதம் படிக்கிறவள், ஐம்பத்தாறு நிமிடத்தை அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை. பட்டறையிலிருந்து ஏர்போர்ட்டுக்கு அரை மணி. முன்கூட்டியே போய் நிற்க ஒரு மணி. புதுச்சேரியில் இறங்கி மரக்காணம் வர ஒரு மணி. எல்லாவற்றையும் கூட்டினேன். அதற்கு மேலும் ஒரு மணி நேரம் சேர்த்துக்கொண்டேன். அப்படி ஒரு விமானம் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கவில்லை. அது இல்லாமல் இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. நிமிடக் கணக்குகூடப் போட்டிருக்கிறதே.

"பதினோரு மணிக்கு வந்துடுவான்" என்றேன். "பிளேன்ல."

"பிளேன்லயா!" என்றார் பெரியத்தா. தம்பி உள்ளே கிடக்கிறார் என்பதையும் மீறி அவர் முகம் ஒரு கணம் விரிந்தது. பக்கத்தில் நின்றவரிடம் திரும்பி, "ஏம்பா, புள்ள பிளேன்ல வர்றானாம்" என்றார்.

குழி வெட்டுகிறவர் ஆகாயத்தைப் பார்த்தார். "அப்ப மத்தியானம் லுஹருக்கு வச்சிக்கலாம் பாய். நான் ஒம்போது மணிக்கு மண்ணுல கை வெச்சா பதினோரு மணிக்கு ரெடி. அதுக்கு மேல என்னைய குத்தம் சொல்லக்கூடாது, தண்ணி வந்துடும்."

"அதெல்லாம் வந்துடுவான். எங்க வீட்டுப் பொண்ணு பாத்து சொல்லியிருக்குது."

அண்ணனுக்கு மறுபடியும் போன் செய்தேன். அவன் முதலாளியிடம் பேசி முடித்திருந்தான்.

"காரு வேணாம்ணா. ஏர்போர்ட்டுக்குப் போ. அம்பத்தாறு நிமிஷம்தான்."

"டிக்கெட்டு?"

"அங்கயே எடுத்துக்கலாம்."

"நிச்சயமாத்தான சொல்ற?"

"நான் பாத்துட்டேன்."

"நீ சொன்னா சரி" என்றான்.

ஏழரை மணிக்குள் தெரு முழுக்கச் செய்தி பரவிவிட்டது. துக்கத்துக்கு வந்த பெண்கள் அம்மாவைச் சுற்றி உட்கார்ந்து, அழுகைக்கு நடுவே, மெல்ல விசாரித்தார்கள். எந்த பிளேன், பெரிசா சின்னதா. அம்மா முந்தானையிலிருந்து முகத்தை எடுத்து என்னைக் கூப்பிட்டாள்.

"ஏண்டி, பிளேன்ல ஜன்னல நல்லா சாத்துவாங்களா? அவனுக்கு ஒசரம்னா ஆவாதே. தண்ணி டேங்க்கு மேலயே ஏற மாட்டான்."

"அது தொறக்கவே தொறக்காதும்மா" என்றேன். அதுவும் எனக்குத் தெரிந்திருந்தது.

எட்டே முக்காலுக்கு அண்ணன் போன் செய்தான்.

"பாப்பா, இங்கேர்ந்து அந்த ஊருக்கு பிளேனே கெடையாதாம்."

"கவுன்ட்டர்ல நல்லா கேளு."

"ரெண்டு வாட்டி கேட்டேன். மொத வாட்டி சிரிச்சாங்க. ரெண்டாவது வாட்டி அத்தா மவுத்துன்னு சொன்னேன், அப்பறம் சிரிக்கல. எப்பவுமே போனதில்லையாம். வாட்ச்மேன் பஸ் ஸ்டாண்டுக்குப் போங்கறாரு."

"காரு?"

"மொதலாளி பையனக் கூட்டிக்கினு ஊட்டிக்குப் போயிடுச்சு."

அவன் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "நான் பஸ்ஸ புடிக்கறேன். வர ராத்திரி ஏழு ஏழரை ஆயிடும். குழி வெட்ட வேணாம்னு சொல்லு. இஷாவுக்கு வச்சிக்கட்டும். இப்பவே சொல்லிடு, இன்னா?"

"சொல்லிடறேன்" என்றேன்.

சொல்லவில்லை. நான் எழுத வந்தது இதைத்தான். மைசூர் பற்றித் தெரியாமல் சொன்னது என் அறியாமை, அதை நான் மன்னித்துவிட்டேன். எட்டே முக்காலிலிருந்து ஏறத்தாழ ஒரு மணி நேரம் நான் என்ன செய்தேன் என்பதை மன்னிக்க முடியவில்லை.

வீட்டுக்குப் பின்னால் தண்ணீர் டிரம் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன். செல்லில் தேடினேன். மைசூரிலிருந்து ரயில். பெங்களூரிலிருந்து விமானம். வாடகைக் கார். அந்தப் பக்கத்தைத் திரும்பத் திரும்பத் திறந்து, கண்ணில் படாத ஏதாவது இருக்குமா என்று பார்த்தேன். வாசலுக்குப் போகும்போது கையில் வேறொரு மணி இருக்க வேண்டும், பதினொன்று இல்லை பெரியத்தா, ஒன்று என்றோ இரண்டு என்றோ சொல்ல வேண்டும். வெறும் கையோடு போய், நான் தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று அத்தனை பேர் முன்னால் சொல்ல என்னால் முடியவில்லை. கபரஸ்தான் எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரம். அந்த நேரத்தில் குழி வெட்டுகிறவர் மண்வெட்டியைக் கையில் எடுத்திருக்கக்கூட மாட்டார்.

பெரியத்தா என்னைத் தேடிக்கொண்டு பின்பக்கம் வந்தபோது மணி ஒன்பதே முக்கால்.

"இன்னாம்மா, ஏறிட்டானா?"

"பிளேன் கேன்சல் ஆயிடுச்சு பெரியத்தா" என்றேன்.

எவ்வளவு சுலபமாக வந்தது அது.  அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். உடனே வண்டியை எடுத்துக்கொண்டு கபரஸ்தானுக்குப் போனார். திரும்பி வரும்போது மெதுவாக ஓட்டிக்கொண்டு வந்தார்.

"இடுப்பளவு எறங்கிட்டாரு. ஒரு மணி நேரம் முன்னாடி தெரிஞ்சிருந்தா தொட்டிருக்கவே மாட்டேன்றாரு. இந்தக் கம்பெனிக்காரனுங்க வெளங்குவானுங்களா? சாவு ஊட்டுக்காரன்னு ஒரு இது வேணாம்?"

ஒரு மணி நேரம். எனக்குள் அந்தச் சொல் அப்போதே போய் உட்கார்ந்துவிட்டது.

காத்திருக்க முடியுமா என்று பார்த்தார்கள். குழிமேல் ஓலை போட்டு மூடினார்கள். பன்னிரண்டு மணிக்குக் கணுக்காலளவு தண்ணீர். நான்கு பேர் பெயின்ட் வாளியால் மொண்டு ஊற்றினார்கள், மொண்ட வேகத்துக்கு ஊறியது. ஓரத்து மண் சரியத் தொடங்கிவிட்டது என்று ஆள் வந்து சொன்னான். பள்ளிவாசல் ஹஜ்ரத், அண்ணனோடு போனில் பேசினார். என்ன பேசினார் என்று எனக்குக் கேட்கவில்லை. பிறகு சொன்னார்கள், அண்ணன் சொன்னது ஒரே வார்த்தையாம். "வச்சிடுங்க. அத்தாவ தண்ணியில வெக்காதீங்க."

குளிப்பாட்டினார்கள். கபன் போட்டார்கள். எனக்கு அப்போது ஒரு யோசனை வந்தது. வீடியோ காலில் அண்ணனுக்கு முகத்தைக் காட்டிவிடலாம். மையத்து உடலைப் படம் எடுக்கக்கூடாது என்பார்கள், யாருக்கும் தெரியாமல் ஓரமாக நின்று காட்டிவிடலாம். வீட்டுக்குள் சிக்னல் சரியாக வராது. அவனிடம் முதலில் சொல்லிவிடுவோம் என்று தெருமுனைக்குப் போய்ப் போன் செய்தேன்.

"வேணாம்" என்றான். பஸ் சத்தத்தில் அவன் குரல் துண்டு துண்டாக வந்தது. "அத்தாவ செல்லுல பாக்க மாட்டேன்."

அதைச் சொல்லிவிட்டு அழுதான். காலையிலிருந்து அப்போதுதான் அழுதான். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் ஏதோ கன்னடத்தில் கேட்டார், அவன் தமிழிலேயே பதில் சொன்னான். நான் போனை வைக்க முடியாமல் நின்றேன். எத்தனை நிமிடம் என்று தெரியாது. திரும்பிப் பார்த்தபோது எங்கள் வாசலிலிருந்து அத்தாவைச் சுமந்த சந்தூக்கு வெளியே வந்துகொண்டிருந்தது. தோளில் சுமந்தவர்கள் என்னைக் கடந்து போனார்கள். முகம் பார்ப்பதெல்லாம் முடிந்துவிட்டிருந்தது.

நானும் பார்க்கவில்லை என்று யாரிடமும் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. வீட்டிலேயே இருந்த மகள் பார்த்திருக்க மாட்டாள் என்று யாருக்குத் தோன்றும்?

அண்ணன் ஏழரைக்கு வந்தான். நேராகக் கபரஸ்தானுக்குப் போய்விட்டு, முழங்காலெல்லாம் சேறாக வீட்டுக்கு வந்தான். கூடத்தில் பத்துப் பேர் இருந்தார்கள். யாரோ கேட்டார்கள்.

"பிளேன் கேன்சலாமேப்பா?"

நான் டீ டம்ளரை அவனிடம் நீட்டிக்கொண்டிருந்தேன். அவன் என்னைப் பார்த்தான். டம்ளரை வாங்கிக்கொண்டான்.

"ஆமா" என்றான். "மேகமாம். ஏறப்போற நேரத்துல கேன்சல் பண்ணிட்டான்."

அவன் அவ்வளவு நன்றாகப் பொய் சொல்வான் என்று எனக்குத் தெரியாது. மூன்றாம் நாள் மைசூருக்குத் திரும்பும் வரை என்னிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

அவன் போன பிறகு நான் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்க்க ஆரம்பித்தேன். கல்லூரிப் பேருந்தில், சமைக்கும்போது, தொழுதுவிட்டு எழுந்ததும். ஒவ்வொரு முறையும் அது ஐம்பத்தாறு நிமிடம் என்றே சொன்னது. வேறு ஊர்களைக் கொடுத்துப் பார்த்தேன். நான் பார்த்திராத, எனக்கு ஆள் இல்லாத ஊர்கள். எந்த இரண்டைக் கொடுத்தாலும் வில்லாக ஒரு கோடு வரையும், அதன்மேல் ஒரு சின்ன விமானத்தை வைக்கும், இத்தனை நிமிடம் என்று சொல்லும். இல்லை என்று அது யாருக்கும் சொன்னதில்லை.

உப்பளத்துப் பக்கம் போனால் தலைக்கு மேலே விமானச் சத்தம் கேட்கும். சென்னைக்குப் போகிறவை, உயரத்தில் போகும், வெயிலில் கண்ணுக்குத் தெரியாது. பாத்தியில் வேலை செய்கிறவர்கள் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார்கள். நான் நின்றுவிடுவேன். காலையில் கிளம்பிப் பதினோரு மணிக்கு வந்து சேர வேண்டிய விமானம் அது என்று தோன்றும். ஜன்னல் ஓரத்தில் அண்ணன் உட்கார்ந்திருப்பான், கீழே பார்க்கப் பயந்து கண்ணை மூடியிருப்பான். ஐம்பத்தாறு நிமிடம் முடிந்திருக்கும். இறங்க மாட்டான். சத்தம் தேய்ந்து கடலுக்கு மேலே போய்விடும். இது பட்டப் பகலில், நல்ல நினைவோடு இருக்கும்போது நடப்பது. இப்போதும் நடக்கிறது.

நாற்பதாம் நாள் பாத்திஹாவுக்கு அண்ணன் வந்தான். கூடத்தில் ஆண்கள் ஓதி முடித்துச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தார்கள். அம்மா, கணவனை இழந்தவர்கள் இருக்கும் இத்தாவில், உள்ளறையில் இருந்தாள். நான் அறை வாசலில் திரைக்குப் பின்னால் நின்று, காலியான தட்டுகளை வாங்கி வைத்துக்கொண்டிருந்தேன். பெரியத்தா விமானக் கதையைத் தொடங்கினார். இதற்குள் அது வளர்ந்திருந்தது. அண்ணன் பெல்ட் போட்டு உட்கார்ந்த பிறகு இறக்கிவிட்டதாகச் சொன்னார்.

"சும்மா வுடக்கூடாது பாய் இத" என்றார் ஒருவர். "நுகர்வோர் கோர்ட்டுல கேஸ் போடணும். அத்தா மொகத்த பாக்க வுடாம பண்ணிட்டானே. நஷ்ட ஈடுக்கு இல்ல, நாலு பேருக்குத் தெரியணும்."

"போட்டுடலாம்" என்றார் பெரியத்தா. "அதுக்கு நாம வக்கீல் கிட்டலாம் போகத் தேவையில்ல. எங்க கலெக்டரம்மா எழுதிக் குடுத்துடும். ஏம்மா, எழுதிடலாம்ல? எந்தக் கம்பெனி பிளேனு, எத்தினி மணின்னு போட்டு?"

அண்ணன் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "அதெல்லாம் எதுக்கு பெரியத்தா, வுடுங்க" என்றான். "போனது போச்சு."

"நீ சும்மா இர்றா. அவ எழுதுவா."

எழுதியிருப்பேன். எனக்கு நன்றாக எழுத வரும். அதுதான் என்னைப் பயமுறுத்தியது. முதல் வரி மனதுக்குள் வந்தேவிட்டது. நான் திரையை விலக்கினேன்.

"பிளேன் கேன்சல் ஆகல பெரியத்தா. அந்த ஊருலேர்ந்து இங்க பிளேனே இல்ல. நான்தான் தப்பா சொன்னேன். எட்டே முக்காலுக்கே எனக்குத் தெரியும்."

 பெரியத்தாவுக்குத்தான் முதலில் புரிந்தது. அவர்தான் அன்று வண்டியில் போய்வந்தவர்.

"எட்டே முக்காலுக்கா?" என்றார்.

"ஆமா."

அவர் தொப்பியைக் கழற்றி, உள்ளே பார்த்துவிட்டு, மறுபடி போட்டுக்கொண்டார். "சாப்புடுங்க எல்லாரும்" என்றார். "ஆறிடும்." அதற்குப் பிறகு அவர் என்னைக் கலெக்டரம்மா என்று கூப்பிட்டதில்லை. பாப்பா என்கிறார். திட்டியிருக்கலாம்.

அண்ணன் கை கழுவிவிட்டுப் பின்பக்கம் வந்தான். அவன் கோபப்பட்டு நான் பார்த்தது அன்றுதான்.

"எதுக்குடி சொன்ன? நாப்பது நாளா நான் பல்ல கடிச்சிக்கினு காப்பாத்திட்டு வர்றேன். பட்டறையில கூட கேன்சலுன்னுதான் சொல்லி வெச்சிருக்கேன். ஊரே படிச்ச பொண்ணுன்னு உன்ன சொல்லுது, சொல்லிட்டுப் போவட்டும்னு பாத்தா..."

"பொய்க் கேஸு எழுதச் சொல்றாங்கண்ணா."

"எழுதாம தள்ளிப்போட்டுக்கினே இருக்க வேண்டியதுதான? மறந்துடுவாங்க. இப்ப நான் யாரு சொல்லு? டிக்கெட்டு இல்லாம போயி, இல்லாத பிளேனுக்கு வரிசையில நின்ன லூசு."

"லூசு நான்தான்."

"நீதான்" என்றான். டிரம்மில் இருந்த தண்ணீரை மொண்டு முகத்தில் அடித்துக்கொண்டான். வெகுநேரம் துடைக்காமல் நின்றான். பிறகு குரல் மாறியது.

"சரி, அத வுடு. எனக்கு ஒண்ணு சொல்லு. நாப்பது நாளா கேக்கணும்னு இருக்குது, போன்ல கேக்க வரல. அத்தா மொகம் எப்பிடி இருந்துச்சு?"

தூங்குகிற மாதிரி இருந்தது, வெளிச்சமாக இருந்தது என்று எல்லோரும் சொல்கிற ஒன்று இருக்கிறது. அவனுக்கு அது போதுமாயிருந்திருக்கும். மைசூர் வரைக்கும் அதை வைத்துக்கொண்டு போயிருப்பான்.

"நான் பாக்கலண்ணா" என்றேன். "உங்கிட்ட போன்ல பேசிட்டிருந்தேன். அதுக்குள்ள தூக்கிட்டாங்க."

"காலையில?"

"போர்வைய எடுக்கல. பயந்துட்டேன்."

அவன் என்னை ஏதோ புது ஆளைப் பார்ப்பது போலப் பார்த்தான். நான் அவனுக்கு மட்டும்தான் அந்த முகத்தை இல்லாமல் செய்தேன் என்று அவன் நினைத்திருந்தான். நானும் வெளியே நின்றவள் என்று தெரிந்தபோது அவன் கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை. தோளில் இருந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தான்.

"அப்ப அம்மா மட்டுந்தான்" என்றான். "வா."

உள்ளறையில் அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கூடத்தில் நான் சொன்னது அவளுக்கும் கேட்டிருக்கும். அதைப் பற்றி அவள் ஒன்றும் கேட்கவில்லை. அண்ணன் அவள் எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்து நேராகக் கேட்டான்.

"அம்மா, அத்தா மொகம் எப்பிடி இருந்துச்சு?"

அம்மா எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்து, "நீயும் பாக்கலயா?" என்றாள். இல்லை என்று தலையசைத்தேன்.

"மூக்குல பஞ்சு வெச்சிருந்தாங்க" என்றாள். "வாய் தொறந்துக்கக் கூடாதுன்னு தாடைக்குக் கீழ துணி குடுத்து, தலைமேல கொண்டாந்து கட்டியிருந்தாங்க. பல்லு வலின்னு துண்டு கட்டிக்கினு ஒக்காந்திருப்பாரே, அதே மாதிரி இருந்துச்சு. எனக்கு சிரிப்பு வந்துடுச்சு. எல்லாரும் இருக்காங்க, நான் முந்தானைய வாயில வெச்சி அடைச்சிக்கினேன். அழுவுறேன்னு நெனச்சி என்ன எழுப்பிக் கூட்டிக்கினு போயிட்டாங்க. அதனால சரியா பாக்கல. பாவி, கடைசியா பாக்கற நேரத்துல சிரிச்சேன். யாருகிட்டயும் சொல்லல இத."

அண்ணன் கேட்டான், கண் மூடியிருந்ததா? ஒரு கண் நன்றாக, இன்னொன்று அரைகுறையாக என்றாள். சவரம் செய்திருந்ததா? இல்லை, இரண்டு நாள் தாடி. நெற்றியில் உப்பு மூட்டை சரிந்து பட்ட அந்தத் தழும்பு? இருந்தது, வெளுத்துப் போயிருந்தது. நான் உதடு எப்படி இருந்தது என்று கேட்டேன். காய்ந்திருந்தது என்றாள். நாங்கள் விடாமல் கேட்டோம். அவள் கண்ணை மூடிக்கொண்டு, நினைவில் தேடித் தேடிச் சொன்னாள். சில சமயம் முதலில் சொன்னதை மாற்றிச் சொன்னாள். கூடத்தில் சாப்பிட்டவர்கள் ஒவ்வொருவராக ஸலாம் சொல்லிக் கிளம்பும் சத்தம் கேட்டது. நாங்கள் எழுந்து போகவில்லை.

"காதுக்குக் கீழ ஒரு மச்சம் இருக்குமே" என்றான் அண்ணன். "சின்ன வயசுல தோள்மேல ஒக்காந்து நான் புடிச்சி இழுப்பேன். அது தெரிஞ்சுதாம்மா?"

அம்மா தன் காதுக்குக் கீழே விரல் வைத்துப் பார்த்தாள்.

"துணி மறச்சிடுச்சுடா" என்றாள்.